மிச்சமான சால்ட் பீஃபில் சூடான சீஸ் சாண்ட்விச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துமஸ், ஈஸ்டர், வீட்டு விசேஷம் என்று ஒரு பெரிய கறித்துண்டை உப்பில் ஊறவைத்து வேகவைக்கிற வீடுகள் சேலத்திலும் ஏற்காட்டிலும் இருக்கின்றன. மறுநாள் ஃபிரிட்ஜைத் திறந்தால் அரைக் கிலோவாவது மிஞ்சியிருக்கும். அதைத் திரும்பத் திரும்பச் சுடவைத்தால் வறண்டு கெட்டியாகிவிடும். உருகிய சீஸோடு பிரெட்டுக்குள் வைத்துக் கல்லில் வாட்டினால்தான் அந்தக் கறிக்கு மரியாதை. வேலை கால் மணி நேரம்தான். ஆனால் மூன்று விஷயத்தில் கண்டிப்பு வேண்டும்: கறி சூடாக உள்ளே போக வேண்டும், ஈரமில்லாமல் போக வேண்டும், பிரெட் ஏறும்போது அடுப்பு சிம்மில் இருக்க வேண்டும். கீழே வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்று தவறியதால் வருபவை.

எந்தக் கறியைச் சொல்கிறீர்கள்?

மேல்நாட்டில் கார்ன்டு பீஃப் என்பார்கள். கல்லுப்பு, சர்க்கரை, மிளகு, கிராம்பு, பிரியாணி இலை போட்ட உப்புத் தண்ணீரில் மாட்டின் நெஞ்சுக்கறியை ஐந்து முதல் ஏழு நாள் ஊறவைத்து, பிறகு மூன்று மணி நேரம் போல மெல்ல வேகவைத்தது. நம் பக்கத்து ஆங்கிலோ இந்திய வீடுகளில் எலுமிச்சை பிழிந்து செய்யும் சால்ட் பீஃப் இதன் நெருங்கிய உறவு. இரண்டும் இந்த சாண்ட்விச்சுக்குப் பொருந்தும். வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம் பொருந்தாது. அது பொரித்துச் சாப்பிட வேண்டியது, பிரெட்டுக்குள் வைத்தால் மெல்ல முடியாது.

அமெரிக்காவில் மார்ச் 17-ஆம் தேதி செயின்ட் பேட்ரிக் தினத்துக்கு இந்தக் கறியை முட்டைக்கோஸோடு வேகவைப்பார்கள். அடுத்த நாள் மிச்சம் சாண்ட்விச் ஆகிவிடும். புளித்த முட்டைக்கோஸ், சுவிஸ் சீஸ், கோதுமைக்கு உறவான ரை தானிய பிரெட் சேர்ந்தால் அதற்கு ரூபன் என்று பெயர். அதை முதலில் செய்தது நியூயார்க்கா, ஒமாஹாவா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை.

எருமைக்கறியில் செய்தது சரிப்படுமா?

தாராளமாக. எருமைக்கறி நிறம் கருத்திருக்கும், கொழுப்பு குறைவு, இருக்கிற கொழுப்பும் வெள்ளையாக இருக்கும். மாட்டுக்கறியின் கொழுப்பு மஞ்சளோடும். கொழுப்பு குறைந்த கறி சீக்கிரம் வறளும் என்பதால், சூடாக்கும்போது ஒரு சாண்ட்விச்சின் கறிக்கு அரை டீஸ்பூன் வெண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகவைத்த தண்ணீர் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

எத்தனை நாள் பழைய கறி வரை பயன்படுத்தலாம்?

சமைத்த நாளிலிருந்து 3 அல்லது 4 நாள், அதுவும் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத ஃபிரிட்ஜில். உப்புக் கறிதானே, கெடாது என்று நினைப்பவர்கள் நிறைய. ஊறும்போது ஏறிய உப்பில் ஒரு பங்கு வேகும்போது தண்ணீரில் இறங்கிவிடுகிறது. மிஞ்சிய உப்பு ருசிக்குப் போதும், கெடாமல் காக்கப் போதாது.

நாள் கணக்கைவிட முக்கியம், சமைத்த அன்று அது எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்பது. பொதுவான வரம்பு இரண்டு மணி நேரம். அறையின் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் சமையலறை அதற்கும் மேலேயே இருக்கும். பந்தி முடிந்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு, மாலையில் எடுத்து உள்ளே வைத்த கறி என்றால் அதை விட்டுவிடுங்கள். சுடவைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் ஏற்கெனவே கக்கிய நஞ்சு சூட்டில் அழியாது.

முழுத் துண்டாகவே உள்ளே வைத்தால் நடுப்பகுதி குளிர நேரமாகும். ஒரு கிலோத் துண்டை இரண்டாகப் பிளந்து, அகலமான டப்பாவில் வையுங்கள். ஃப்ரீசரில் என்றால் 80 கிராம் பொட்டலங்களாகக் கட்டி இரண்டு மாதம் வரை வைக்கலாம். ஒரு பொட்டலம் ஒரு சாண்ட்விச்.

மாதப் பராமரிப்புக்குக் காலையில் போன கரண்ட் மாலையில்தான் வந்தது. கறி என்ன ஆகும்?

கதவைத் திறக்கவே இல்லை என்றால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். அதற்கு மேல் போனால் சமைத்த கறியை நம்ப முடியாது. நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி காலியாக இருந்தால் ஒரு நாள். மின்தடை அறிவிப்பு முதல்நாளே தெரிந்துவிடுவதால், அன்றைக்குக் காலையில் கறியை ஃப்ரீசருக்கு மாற்றிவிடுவதுதான் சுலபமான வழி.

வெந்த கறி உள்ளே சிவப்பாகவே இருக்கிறதே, வேகவில்லையா?

வெந்திருக்கிறது. ஊறவைக்கும் உப்பில் சோடியம் நைட்ரைட் கலந்திருந்தால் கறி வெந்த பிறகும் ரோஸ் நிறத்தில்தான் இருக்கும். வெறும் உப்பில் ஊறியது சாம்பல் நிறமாகும். ருசியில் சின்ன வித்தியாசம் உண்டு, தரத்தில் குறை கிடையாது.

இன்னொன்றும் கேட்பார்கள்: வெட்டிய பக்கத்தில் பச்சையும் ஊதாவுமாக ஒரு மினுமினுப்பு. அது நாருக்குக் குறுக்கே வெட்டிய தசையின் மேல் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் தெரிவது. துண்டைச் சாய்த்துப் பிடித்தால் நிறம் மாறும் அல்லது மறையும். கெட்டதன் அடையாளம் வேறு: தொட்டால் கொழகொழப்பு, புளித்த வாடை, டப்பாவைத் திறந்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம். இதில் ஒன்று இருந்தாலும் குப்பைக்குத்தான்.

கறி கரிக்கிறது. உப்பை எப்படி எடுப்பது?

முதலில் நுனியில் ஒரு துண்டு வெட்டித் தின்று பாருங்கள். அப்படியே ருசியாக இருந்தால் சாண்ட்விச்சில் உப்பு கூடிவிடும் என்று அர்த்தம், ஏனென்றால் சீஸிலும் உப்பு, வெண்ணெயிலும் உப்பு. கறி மட்டும் தின்னும்போது கொஞ்சம் சப்பென்று இருக்க வேண்டும்.

கரித்தால், துண்டு போட்ட பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வடித்து, சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். பாலில் ஊறவைப்பவர்களும் உண்டு, தண்ணீரே போதும். முழுத் துண்டாக ஊறவைத்தால் மேல்பக்கம்தான் இறங்கும், நடுவில் அப்படியே நிற்கும். அரை மணிக்கு மேல் ஊறினால் மசாலா வாசனையும் சேர்ந்து போய்விடும்.

உப்பில்லாத வெண்ணெய் அல்லது நெய்யைப் பிரெட்டுக்குத் தடவினால் மொத்த உப்பு இன்னும் குறையும். இரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு இது எப்படியும் அடிக்கடி சாப்பிடும் பண்டம் ஆகாது. ஒருநாள் சாப்பிட்டே ஆகவேண்டும் என்றால் ஊறவைத்த கறி, ஒரே ஒரு ஸ்லைஸ் சீஸ், ஊறுகாய் வேண்டாம்.

துண்டு எப்படிப் போடுவது? என் கத்தியில் உதிர்ந்துவிடுகிறது.

சூட்டில் வெட்டுவதால் உதிர்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே, கறி விறைப்பாக இருக்கும்போது வெட்டுங்கள். குளிரில் கொழுப்பும் தசை நாரைச் சுற்றியிருக்கும் ஜெலட்டினும் இறுகி, துண்டு உடையாமல் நிற்கும்.

நெஞ்சுக்கறியில் நார் நீளவாக்கில் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அதற்குக் குறுக்கே, 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். நாரோடு சேர்த்து நீளமாக வெட்டினால் ஒரு கடியில் முழுத் துண்டும் பிய்ந்து வெளியே வந்துவிடும், வாயில் துண்டும் கையில் வெறும் பிரெட்டுமாக நிற்கவேண்டிவரும். நெஞ்சுக்கறியின் இரண்டு அடுக்கிலும் நார் ஒரே திசையில் ஓடாது. ஆகவே பாதி வெட்டிய பிறகு நின்று, துண்டைத் திருப்பி வைத்துத் தொடருங்கள்.

உதிர்ந்தது வீணாகாது. தூளைச் சேர்த்து, சீஸ் துருவலோடு பிசைந்து வைத்தால் சீஸே அதைப் பிடித்துக்கொள்ளும். டின்னில் அடைத்த கார்ன்டு பீஃபுக்கும் இதே வழிதான். திறந்த டின்னிலேயே கறியை விட்டுவைக்காமல் வேறு டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு சாண்ட்விச்சுக்கு என்ன அளவு?

பிரெட் 2 ஸ்லைஸ், கறி 75 முதல் 80 கிராம், சீஸ் 40 கிராம், பிழிந்த முட்டைக்கோஸ் 2 டேபிள்ஸ்பூன், சாஸ் 1 டேபிள்ஸ்பூன், வெளிப்பக்கம் தடவ வெண்ணெய் 2 டீஸ்பூன். கடையில் விற்கும் 200 கிராம் சீஸ் ஸ்லைஸ் பாக்கெட்டில் 10 ஸ்லைஸ் இருக்கும், அதாவது ஒன்று 20 கிராம், ஆகவே சாண்ட்விச்சுக்கு இரண்டு. கறியை 120, 150 என்று ஏற்றினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நடுவில் சூடு ஏறாது. அதிகக் கறி வேண்டுமானால் இரண்டாவது சாண்ட்விச் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

ரை பிரெட் கிடைக்கவில்லை. எந்தப் பிரெட் வாங்குவது?

இனிப்பு குறைந்த, கொஞ்சம் கனமான கோதுமை பிரெட் அல்லது சாதாரண சாண்ட்விச் பிரெட். மில்க் பிரெட்டைத் தவிர்த்துவிடுங்கள். அதில் சர்க்கரையும் பாலும் அதிகம் என்பதால் சீஸ் உருகுவதற்கு முன்பே வெளிப்பக்கம் கருகிவிடும். இன்று சுட்ட பிரெட்டைவிட நேற்றைய பிரெட் மேல், ஈரம் குறைந்திருப்பதால் மொறுமொறுப்பு சீக்கிரம் வரும். முழு லோஃபாக வாங்கினால் 12 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

ரை பிரெட்டின் அந்தத் தனி வாசனை பெரும்பாலும் அதில் போடும் கேரவே விதையால் வருவது. பிரியாணி சாமான்களோடு விற்கும் ஷாஜீரா அதற்கு நெருங்கிய வாசனை கொண்டது. கால் டீஸ்பூன் ஷாஜீராவை வெறும் கல்லில் வறுத்து, நசுக்கி, வெளியே தடவும் வெண்ணெயில் கலந்துவிடுங்கள். சாதாரண கோதுமை பிரெட்டே அந்தப் பக்கமாக நகர்ந்துவிடும்.

எந்த சீஸ் நன்றாக உருகும்? பனீர் போடலாமா?

பனீர் உருகாது. புளிப்பு ஊற்றித் திரித்த பால் அது, எவ்வளவு சூட்டிலும் வறுபடுமே தவிர இளகாது.

ப்ராசஸ்டு சீஸ் ஸ்லைஸ் கண்டிப்பாக உருகும். கொழுப்பையும் புரதத்தையும் பிரியாமல் பிடித்துவைக்கும் உப்புகள் அதில் சேர்த்திருப்பதால், சூடு கொஞ்சம் கூடினாலும் எண்ணெய் கக்காது. ருசி மட்டும் தட்டை. செடார் ருசியானது, ஆனால் அதிகச் சூட்டில் எண்ணெய் பிரியும். மொசரெல்லா இழுபடும், வாசனை குறைவு. உப்புக் கறிக்கு மிகவும் ஒத்துப்போவது எமென்டல் அல்லது கௌடா. இந்திய பிராண்டுகளிலேயே இவை வருகின்றன, சேலத்துப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் தேடினால் கிடைக்கும். எமென்டலின் இலேசான இனிப்பு கறியின் உப்பைத் தணிக்கும்.

எங்கள் சிபாரிசு கலவைதான்: கீழே ஒரு ப்ராசஸ்டு ஸ்லைஸ், மேலே 20 கிராம் துருவிய செடார் அல்லது கௌடா. முதலாவது ஒட்டவைக்கும், இரண்டாவது ருசி தரும். சீஸை நீங்களே துருவுங்கள். துருவி விற்பதில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், அது உருகுவதைத் தாமதப்படுத்தும். லேபிளில் தாவர எண்ணெய் என்று போட்டிருந்தால் அது சீஸைப் போலச் செய்த வேறு பொருள். அதை வாங்க வேண்டாம்.

தோசைக்கல்லில் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

சீஸையும் கறியையும் வெட்டி வைத்துவிட்டு, சீஸை மட்டும் 15 நிமிடம் வெளியே விடுங்கள். சேலத்துக் கோடையில் அந்த 15 நிமிடமும் தேவையில்லை.

கல்லை மிதமான தீயில் 3 நிமிடம் காயவையுங்கள். கறித்துண்டுகளைப் பரப்பி, ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் அல்லது கறி வேகவைத்த தண்ணீர் தெளித்து மூடுங்கள். 2 நிமிடத்தில் ஜெலட்டின் இளகி, கறி பளபளவென்று ஆகும். மூடியை எடுத்து, தண்ணீர் முழுக்க வற்றும் வரை விடுங்கள். ‘சொர்’ என்ற சத்தம் மெலிந்து, ஓரங்கள் சிவந்து சுருளத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் தோல்போல இறுகிவிடும். மிச்சக் கறி என்பதால் நடுத்துண்டு வரை ஆவி பறக்கிற சூடு கட்டாயம். தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி பாருங்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் இதில் சலுகையே கூடாது.

இப்போது கல்லைத் துடைத்து, தீயை சிம்முக்குக் கொண்டுவந்து, 2 நிமிடம் சும்மா விடுங்கள். இரும்புக்கல் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும், குமிழைத் திருப்பியதும் ஆறிவிடாது. தோசை ஊற்றுவதற்குத் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, துளிகள் துள்ளி ஓடினால் பிரெட்டுக்கு அது அதிகச் சூடு. ஒரு துளி வெண்ணெயை விட்டுப் பாருங்கள். மெல்ல நுரைத்து அப்படியே மஞ்சளாக நின்றால் சரி. உடனே பழுப்பானால் இன்னும் பொறுங்கள். கணக்காகச் சொன்னால் 150 டிகிரிப் பக்கம்.

பிரெட்டின் வெளிப்பக்கங்களில் ஓரம் வரை வெண்ணெய் தடவுங்கள். ஓரத்தை விட்டால் அங்கே வெளுத்து நிற்கும். கல்லில் முதல் பிரெட், அதன்மேல் பாதி சீஸ், சூடான கறி, பிழிந்த முட்டைக்கோஸ், சாஸ், மீதி சீஸ், இரண்டாவது பிரெட். சீஸ் இரு பக்கமும் பிரெட்டை ஒட்டியே இருக்க வேண்டும். அது உருகிப் படிந்து, கறியின் ஈரமும் சாஸும் பிரெட்டுக்குள் இறங்காமல் தடுக்கும்.

குழிவான மூடியால் 3 நிமிடம் மூடுங்கள். பிறகு தோசைத் திருப்பியால் தூக்கி, மேல் பிரெட்டை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு திருப்பிப் போடுங்கள். இந்த இரண்டாவது பக்கத்தை மூடவே கூடாது. திருப்பியால் இலேசாக ஒருமுறை அமுக்கிவிட்டு, 2 முதல் 3 நிமிடம். எடுத்ததும் தட்டில் வைக்காமல் கம்பித் தட்டில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், இல்லையென்றால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே நமத்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் சீஸ் கொஞ்சம் இறுகும், வெட்டும்போது வழியாது.

வெளியே கருகிவிட்டது, உள்ளே சீஸ் அப்படியே இருக்கிறது. ஏன்?

கறி குளிராக உள்ளே போயிருக்கும். பிரெட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், அதற்குள் ஃபிரிட்ஜ் குளிரில் இருக்கும் கறி சீஸின் சூட்டையும் பிடுங்கிக்கொள்ளும். தீயைக் கூட்டினால் பிரெட்தான் கருகும். கறியை முன்கூட்டியே சூடாக்கினால் சீஸ் இரண்டு பக்கமிருந்தும் உருகும். கறி சூடாக இருந்தும் கருகினால் கல்லின் சூடு அல்லது இனிப்புப் பிரெட். வெண்ணெயில் இருக்கும் பால் துகள்கள்தான் முதலில் கருகுகின்றன, நெய்யில் அவை இல்லை. தீயைக் கட்டுப்படுத்த முடியாத அடுப்பு என்றால் நெய் தடவுங்கள்.

பிரெட் நமத்து, நடுவில் மாவாகிவிடுகிறது.

மூன்று இடத்திலிருந்து தண்ணீர் வரும். கறி வற்றவில்லை, முட்டைக்கோஸ் பிழியவில்லை, அல்லது முழு நேரமும் மூடிவைத்திருக்கிறீர்கள். தக்காளி வட்டம் வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். சாண்ட்விச்சோடு பக்கத்தில் வைத்துக் கடித்துக்கொள்ளலாம்.

சீஸ் உருகி எண்ணெயாக வழிகிறது.

சூடு அதிகம், அல்லது செடார் மட்டும் போட்டிருக்கிறீர்கள். ஒரு ப்ராசஸ்டு ஸ்லைஸ் சேர்த்தால் இது நிற்கும். கறியில் தடிமனான கொழுப்பு இருந்தால் அதுவும் உருகி வழியும். 3 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள கொழுப்பைக் குளிரிலேயே சீவி எடுங்கள். அந்தக் கொழுப்பில் வெங்காயம் வதக்கினால் மணமே தனி.

கறி ரப்பராக இருக்கிறது. சாண்ட்விச்சில் சரியாகுமா?

ஆகாது. முதல் நாளே வேகாத கறி அது. நெஞ்சுக்கறியில் உள்ள இணைப்புத் திசு நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறினால்தான் மெத்தென்று வரும். எவ்வளவு மெல்லிசாக வெட்டினாலும் அது மாறாது. துண்டு போடாமல் அரை டம்ளர் தண்ணீரோடு குக்கரில் வைத்து, இரண்டு விசில் வந்ததும் சிம்மில் 15 நிமிடம் விட்டு, ஆவி தானாக அடங்கியதும் பாருங்கள். முள்கரண்டி தடையில்லாமல் இறங்க வேண்டும். பிறகு ஆறவைத்து, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு வெட்டுங்கள்.

ஏற்காட்டில் செய்வதற்கும் சேலத்தில் செய்வதற்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. சேவராயன் மலை மேல் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. தண்ணீர் ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கறி வேக சேலத்தைவிட நேரம் கூடுதல். மேலே ‘ரப்பர்’ என்ற புகார் ஏற்காட்டு விடுமுறை வீடுகளிலிருந்து அதிகம் வர இதுவே காரணம். சேலத்தில் மூன்று மணி நேரத்தில் வெந்தது அங்கே நான்கைத் தொடும். குக்கரில் அந்த வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரியாகச் சுருங்கிவிடுவதால், மலையில் குக்கரே மேல்.

கல்லில் வாட்டும் வேலையில் உயரத்தால் பெரிய மாற்றம் இல்லை. குளிரால்தான். டிசம்பர், ஜனவரியில் தட்டே ஐஸ் மாதிரி இருக்கும், வைத்த இரண்டு நிமிடத்தில் சீஸ் விறைத்துவிடும். தட்டைக் கல்லின் ஓரத்திலோ வெந்நீரிலோ சூடாக்கித் துடைத்து வையுங்கள். மழையும் பனிமூட்டமும் உள்ள நாட்களில் பிரெட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாண்ட்விச் கட்டுவதற்கு முன் உள்பக்கத்தை வெறும் கல்லில் 30 விநாடி வாட்டினால் போதும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: காப்பித் தோட்டத்து நிழல்மரங்களில் ஏறிய கொடிகளின் மிளகு. அறுவடை சமயத்தில் பச்சை மிளகு கிடைத்தால் ஒரு டீஸ்பூன் எடுத்து, உப்புத் தண்ணீரில் ஒருநாள் போட்டு, நசுக்கி சாஸில் கலந்துவிடுங்கள். இந்தக் கறிக்கு இதைவிடப் பொருத்தமான காரம் எதுவும் தெரியாது.

சமைத்த கறியைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எடுத்துப் போகலாமா?

தூரம் 30 கிலோமீட்டர் போலத்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு, விடுமுறை நாள் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் ஒரு மணியைத் தாண்டும். முதல் நாளே குளிரவைத்த கறியை, ஐஸ் பாக்கெட்டோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து எடுங்கள். கார் டிக்கியில் வைக்க வேண்டாம்.

புளித்த முட்டைக்கோஸை வீட்டில் செய்வது எப்படி?

ஒரு கிலோ முட்டைக்கோஸை மெல்லிசாக நறுக்கி, 20 கிராம் அயோடின் கலக்காத உப்பைப் போட்டு, தண்ணீர் விடும்வரை கையால் பிசையுங்கள். ஜாடியில் அமுக்கி, மேலே சின்னக் கனம் வைத்து, தன் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும்படி பாருங்கள். மேலே தலைகாட்டும் துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். 18 முதல் 22 டிகிரியில் மூன்று நான்கு வாரம் மெல்லப் புளிப்பதே அழகு, ஏற்காட்டு அறைச் சூடு இதற்கென்றே அமைந்தது. சேலத்து வெயிலில் வேகமாகப் புளித்து, தளர்ந்து கொழகொழத்துவிடும். அங்கே நான்காவது நாளிலிருந்து ருசி பார்த்து, பிடித்த புளிப்பு வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

அவசரத்துக்கு: 200 கிராம் நறுக்கிய முட்டைக்கோஸ், அரை டீஸ்பூன் உப்பு, 20 நிமிடம். துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்து, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், அரை டீஸ்பூன் சர்க்கரை. சாப்பிடும் நேரத்தில் மறுபடி பிழிய வேண்டும். பிழிந்து எடுத்ததைக் கையில் பிடித்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது.

சாஸ்?

ஆறு சாண்ட்விச்சுக்கு: மயோனைஸ் 4 டேபிள்ஸ்பூன், தக்காளி சாஸ் 1 டேபிள்ஸ்பூன், பொடியாக நறுக்கிய வினிகர் வெள்ளரிக்காய் 1 டேபிள்ஸ்பூன், வெங்காயம் 1 டீஸ்பூன், அரைத்த கடுகு அரை டீஸ்பூன், மிளகுத்தூள். உப்பு வேண்டாம்.

கடுகு விழுதுக்கு 2 டேபிள்ஸ்பூன் கடுகை 3 டேபிள்ஸ்பூன் வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து அரையுங்கள். அன்றைக்குக் கசக்கும், இரண்டு நாளில் கசப்பு அடங்கும்.

மேல்நாட்டுச் செய்முறையில் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கு போடச் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் காலத்தில் இங்கே அதற்குப் பதிலாக முருங்கை வேரைத் துருவிப் பயன்படுத்தியதுண்டு. அதைப் பின்பற்றாதீர்கள், முருங்கை வேர்ப்பட்டையில் நச்சுப் பொருட்கள் இருக்கின்றன. முள்ளங்கித் துருவலைப் பிழிந்து கடுகு விழுதோடு கலந்தால் போதுமான காரம் வரும்.

டோஸ்டர், ஓவன், மைக்ரோவேவ்?

அடுப்பில் வைக்கும் கைப்பிடி டோஸ்டர் ஓரங்களை ஒட்டிவிடும் என்பதால் உதிர்ந்த கறிக்கு நல்லது. கறியை 50 கிராமாகக் குறைத்து, சிறு தீயில் பக்கத்துக்கு 2 நிமிடம். மைக்ரோவேவில் கறியை மட்டும் ஈரத் துணி மூடி 30, 40 விநாடி சூடாக்கலாம். முழு சாண்ட்விச்சை வைத்தால் பிரெட் முதலில் ஈரமாகும், பிறகு கல்லாகும்.

பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் வேண்டும்.

கல்லில் முடியாது, ஓவனுக்குப் போங்கள். கறி 800 கிராம், சீஸ் ஸ்லைஸ் 200 கிராம் பாக்கெட் இரண்டு, வெண்ணெய் 100 கிராம், 20 ஸ்லைஸ் பிரெட். ட்ரேயை உள்ளே வைத்தே 200 டிகிரிக்குக் காயவிடுங்கள். சூடான ட்ரேயில் வைப்பதால்தான் அடிப்பக்கம் சிவக்கும். கறியை மூடிய பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரோடு சூடாக்கி, வடித்து வையுங்கள். 5 நிமிடத்தில் திருப்பி, இன்னும் 4 நிமிடம்.

குழந்தைக்கு டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்பலாமா?

வேண்டாம். காலை ஏழரைக்குக் கட்டி மதியம் திறக்கும் வரை கறியும் சீஸும் சேலத்துச் சூட்டில் இருக்கும். ஆறிய பிறகு ருசியும் இல்லை. பள்ளி விட்டு வந்ததும் செய்து கொடுங்கள்.

அடுத்தமுறை கறி ஊறவைக்க வெடியுப்பு வாங்கலாமா?

உரக்கடையிலும் பட்டாசு வேலைக்கும் விற்கும் வெடியுப்பு சாப்பாட்டுக்கானது கிடையாது. நிறம் வேண்டுமென்றால் உணவுக்கென்று விற்கும், 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் கலந்த ரோஸ் நிற உப்பை வாங்கி, கிலோவுக்கு 2.5 கிராம் என்று டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கண்ணளவு, கையளவு இதில் ஆபத்து. தராசு இல்லையென்றால் வெறும் உப்பே போதும், கறி சாம்பல் நிறமாக இருக்கும், அவ்வளவுதான்.

தட்டுவடையில் வைத்துச் செய்யலாமா?

சேலத்துக்காரர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். செய்யலாம், நன்றாகவே வரும். பொடியாக நறுக்கி வறுத்த கறி ஒரு டீஸ்பூன், மேலே துருவிய சீஸ் ஒரு டீஸ்பூன், 180 டிகிரி ஓவனில் 3 நிமிடம். செட்டுக்குப் போடும் பீட்ரூட், கேரட் துருவலைப் பிழிந்து, வெளியே எடுத்த பிறகு மேலே தூவுங்கள். சிவப்புச் சட்னி ஒரு சொட்டு. பச்சைச் சட்னி தண்ணீராக இருப்பதால் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் தட்டுவடை நமத்துவிடும், ஆகவே தின்னுகிறவர்கள் உட்கார்ந்த பிறகு ஓவனில் வையுங்கள்.